உங்கள் விரலுக்கு எதற்குச் சிரமம்?

இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வங்கியிலோ மருத்துவமனையிலோ கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று நீங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ முளைத்து, "குடுங்க இப்படி" என்று அதை வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாரே, அவரேதான். என்ன முடிந்தது என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் நன்றி சொல்லியிருப்பீர்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அழுத்திக் கொடுப்பவர்.

எங்கள் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் கொடும்பனி வந்தால் ஆடு சாகும், மாடு சாகும், ஒட்டகம்கூட மெலிந்துபோகும். இந்த இனத்துக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அரசாங்கம் தன் அலுவலகங்களை ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் குடியேற்றத் தொடங்கிய நாளிலிருந்து இதற்கு நல்ல மேய்ச்சல். பிறப்புச் சான்றா, ஆட்டுக் கணக்கெடுப்பா, வாக்களிப்பா, எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் உண்டு. பொத்தான் இருக்கும் இடமெல்லாம் அவர் இருப்பார்.

இவ்வளவு பேசும் நான் யார் என்று கேட்கிறீர்களா? பெயர் தாரிமா. உலான்தொலோய் வட்டத்து வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வெளியே போய் வெப்பத்தையும் காற்றையும் பார்த்து உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புவேன். பெய்யாத மழையை ஒரு துளிகூட எழுதியதில்லை. ஒருமுறை தலைநகரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து எழுது என்று மேலதிகாரி கேட்டபோது, "காத்துகிட்ட நீங்களே பேசிக்குங்க" என்று சொன்னவள். எண்ணில் கை வைப்பவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

எங்கள் ஊர் உருப்படிக்கு வருகிறேன். கோன்சிக், எங்கள் வட்டத் தலைவர், வயது ஐம்பத்தெட்டு. நீல தேல் அங்கி, மஞ்சள் பட்டுக் கச்சை, கழுத்தில் ஒரு டை. அங்கிக்கு எதற்கு டை என்று யாரும் கேட்டதில்லை; கேட்டால் அவர் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்துவிடுவார். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் சேணப்பை, அதில் மின்னூட்டும் கட்டிகள், கம்பிகள், திரை துடைக்கும் துணி. உங்கள் கைபேசியை வாங்கியதும் முதலில் அதைத் துடைப்பார். துடைத்துவிட்டு, "இதுல எவ்வளவு அழுக்கு பாருங்க" என்று காட்டுவார். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மூன்று ஒப்புதல்கள் போய்விடும்.

அவருக்கென்று சில வாசகங்கள் உண்டு. "உங்க விரலுக்கு எதுக்குச் சிரமம்?" என்பது முதலாவது. "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஒப்புதல்தான்" என்பது அடுத்தது. கொஞ்சம் விவரமான ஆள் யாராவது "இரு அண்ணே, என்ன கேக்குதுன்னு படிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டால், "படிக்கலாம், படிக்கலாம், அப்புறமா நிதானமாப் படிக்கலாம்" என்பார். அப்புறம் என்பது எங்கள் வட்டத்தில் இன்னும் வரவில்லை.

அவர் கெட்டவரா? இல்லை. அதுதான் தொல்லையே. லஞ்சம் வாங்கினால் திட்டலாம், கட்சிக்கு ஓட்டுத் திருடினால் போலீசுக்குப் போகலாம். இந்த மனிதர் பனியிலும் புழுதியிலும் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிவந்து, தன் பெட்ரோலைச் செலவழித்து, உங்கள் உரிமையை உங்களுக்காகப் பயன்படுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார். எதை வைத்துச் சண்டை போடுவது?

'மக்கள் குரல்' என்று ஒரு செயலி வந்தது. வட்டத்துக்கு என்ன தேவை என்று இனி அதிகாரிகள் முடிவு செய்ய மாட்டார்களாம், மக்களே அழுத்திச் சொல்வார்களாம். ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடாமல் இருக்க விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும் என்று ஒரு பாதுகாப்பும் வைத்தார்கள். கோன்சிக் இதை மனதார வரவேற்றார். கூடாரம் கூடாரமாகப் போய் எல்லாருடைய கைபேசியிலும் விரல் ரேகை பதிய உதவினார். பதிந்தது அவருடைய விரல்.

ஆக, நூற்று முப்பத்தேழு வாக்காளர்களில் என்னைத் தவிர அத்தனை பேருக்கும் ஒரே கட்டைவிரல். விரலை மாற்றிப் பதியத் தேவையான கடவு எண்ணும் ஒன்றே: அவருடைய மோட்டார் சைக்கிள் எண். ஒரு தடவை ஆடு அறுக்கும்போது கத்தி வழுக்கி அந்தக் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. ஒன்பது நாள் எங்கள் வட்டத்தில் ஜனநாயகம் இல்லை. கட்டு அவிழ்த்த அன்று அவர் தேங்கிக் கிடந்த எழுநூறு ஒப்புதல்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, விரல் வீங்கிவிட்டதென்று நர்ஸிடம் போனார்.

எங்களுக்கு சிக்னல் என்பது என் வானிலைக் கம்பத்தின் அடியில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஓவோ என்ற புனிதக் கற்குவியல் இருக்கும் குன்றின் உச்சியில் கிடைக்கும். நிலையத்துப் பக்கம் வர அவருக்குப் பிடிக்காது, நான் கேள்வி கேட்பேன். அதனால் கைபேசிகளைச் சேணப்பையில் திரட்டிக்கொண்டு குன்றின் மேல் ஏறி, முறைப்படி கற்குவியலை மூன்று தரம் வலம் வந்து, ஒரு கல்லையும் போட்டுவிட்டு உட்காருவார். முதல் சுற்றிலேயே பைக்குள் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் கிணுகிணுக்கத் தொடங்கும். அடிவாரத்தில் மேயும் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். வட்டத்து மக்கள் தங்கள் குரலை எழுப்புகிறார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

போன வசந்தத்தில் அந்தச் செயலி பத்துக் கேள்விகள் கேட்டது. தண்ணீர் போதுமா, மேய்ச்சல் போதுமா, மருத்துவ வசதி உண்டா, இப்படி. பதிலைப் பார்த்து, அந்த வருடம் எங்கள் வட்டத்துக்கு ஒரே ஒரு வேலை செய்து தருவார்கள். கோன்சிக் இந்தத் தடவை தன் இஷ்டத்துக்கு அழுத்த வேண்டாம், கேட்டே அழுத்துவோம் என்று முடிவு செய்தார். இதைச் சொல்லியாக வேண்டும், நேர்மையாகத்தான் முடிவு செய்தார். வெள்ளாட்டு முடி சீவும் பருவம். கூடாரத்துக்குள் நுழைந்தார், வழக்கப்படி மூக்குப்பொடிச் சிமிழ் மாற்றிக்கொண்டார், முதல் கிண்ணம் தேநீர் வந்தது.

"ஆடு மாடெல்லாம் கொழுப்பா இருக்கா? தண்ணி, புல்லு எல்லாம் நல்லா இருக்கா?"

"கொழுப்பா, அமைதியா இருக்கு அண்ணே."

நுழைந்தவுடன் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? பாதி மந்தை பனியில் செத்து வாசலில் விறைத்துக் கிடந்தாலும் முதல் கேள்விக்குப் பதில் அதுதான். வந்தவர் முகத்தில் துக்கத்தை எடுத்து வீசுவது மரியாதை இல்லை. கஷ்டமெல்லாம் இரண்டாவது கிண்ணத்தில்தான் வரும். ஆனால் கோன்சிக்குக்கு இன்னும் முப்பது கூடாரம் பாக்கி. முதல் கிண்ணத்தோடு எழுந்து, 'தண்ணீர்: நன்று, மேய்ச்சல்: நன்று' என்று தட்டிவிட்டு அடுத்த கூடாரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கோடையில் முடிவு வந்தது. உலான்தொலோய் வட்டம்: பங்கேற்பு நூறு சதவீதம், மனநிறைவு தொண்ணூற்றொன்பது சதவீதம். மாவட்டத்திலேயே முதலிடம். மிச்சமிருந்த அந்த ஒரு சதவீதம் நான்தான், என் நிலையத்துக் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேன். விழா மேடையில் கோன்சிக் என் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொண்டார். குறையே இல்லாத வட்டத்துக்குக் குறை தீர்க்கும் வேலை எதற்கு? எனவே பரிசாக ஒரு பெரிய மின்திரை. சதுக்கத்தில், கடைக்கும் பள்ளிக்கும் நடுவில், பகலும் இரவுமாக அது '99' என்று எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் திரைக்குக் கீழேதான் ஹோர்லோ தன் லாரியை நிறுத்தித் தண்ணீர் பிடிப்பாள்.

ஹோர்லோ தெற்குப் பள்ளத்தாக்கில் தனியாக மந்தை வைத்திருப்பவள். புருஷன் இல்லை. முந்நூற்று எண்பது ஆடு, பதினொரு ஒட்டகம். அவள் கூடாரத்துப் பக்கத்திலிருந்த கிணறு போன வருடமே வற்றிவிட்டது. ஊர்க் குழாயில் பீப்பாய் பீப்பாயாக நிரப்பிக்கொண்டு ஒரு வழிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், தினமும் இரண்டு நடை. கோடையில் அது முடியும். பனி விழுந்து பாதை மூடிவிட்டால் முடியாது. அதற்குள் ஓர் ஆழ்துளைக் கிணறு கிடைக்காவிட்டால் மந்தையை விற்றுவிட்டுத் தலைநகரில் தங்கை வீட்டு மூலையில் போய்க் கிடக்க வேண்டியதுதான். நல்ல மேய்ப்பர் இருக்கிறார்கள், என்னை மாதிரி கட்டிடத்துக்குள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹோர்லோவைத் தங்கையின் நாலாவது மாடியில் வைத்து என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இலையுதிர்காலத்து வட்டக் கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

"எனக்குத் தண்ணி இல்ல. அந்தத் திரையில தொண்ணூத்தொம்பதுன்னு எரியுதே, அதுல நானும் ஒருத்தியா?"

கோன்சிக் தன் கைபேசியைப் பார்த்தார். "ஆமா ஹோர்லோ. நீயேதானே சொன்ன? ஏப்ரல் பதினாலு. தண்ணி நல்லா இருக்குன்னு."

"அண்ணே, அது வணக்கம் சொன்ன மாதிரி! வாசல்ல வந்து நின்னு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க?"

"வணக்கத்துக்குத் தனியா பொத்தான் இல்லையேம்மா. நன்று, சுமார், மோசம். மூணுதான் இருக்கு."

"ரெண்டாவது கிண்ணம் ஊத்துறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்ல?"

கூட்டம் சலசலத்தது. ஒவ்வொருவராக எழுந்து, நானும் அப்படித்தான் சொன்னேன், என் வீட்டிலும் முதல் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார் என்று சொல்லத் தொடங்கினார்கள். கூட்டத்திலேயே வயதானவர் ஜம்பால் ஐயா, எழுபத்திரண்டு வயது, அதிகம் பேசாதவர். அவர்கூட, "எனக்கும் ஒண்ணு சொல்ல இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் பின்வரிசையிலிருந்து கத்தினேன்: "மறுபடியும் ஓட்டெடுக்கணும்! கைய தூக்குங்க எல்லாரும்!"

"கையத் தூக்கினா செல்லாது தாரிமா," என்றார் கோன்சிக். அவருக்குச் சட்டம் அத்துப்படி. "முப்பது பேர் செயலியில எதிர்ப்புத் தெரிவிச்சாத்தான் மறு வாக்கெடுப்பு." பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அங்கிக்குள்ளிருந்து துணியை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். "குடுங்க, குடுங்க. எதிர்ப்புதானே? நானே பதிஞ்சு தரேன். உங்க விரலுக்கு எதுக்குச் சிரமம்?"

தன்மீது தானே முப்பத்துநாலு எதிர்ப்புகளைப் பதிவு செய்தார். ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? நான் திட்டினேன். "அண்ணே, இனிமே அவங்கவங்க ஓட்டை அவங்கவங்க விரலாலதான் போடணும். உங்க கட்டைவிரலை எடுத்துட்டுப் போங்க!" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "சரி தாரிமா, உங்க விரல் உங்க பாடு," என்று சொல்லிவிட்டுக் கடவு எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் ஏற்கனவே தெரிந்த எண்தான். அவர் வண்டியின் பின்னால் எழுதியிருக்கிறதே.

மறு வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் கொடுத்தார்கள். மூன்றில் ஒன்றை மக்கள் தேர்ந்தெடுக்கலாம்: தெற்குப் பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறு, நர்ஸுக்கு ஒரு ஜீப், சதுக்கத்துக்கு விளக்குகள். ஊருக்குள் இருப்பவர்கள் தங்கள் விரல்களைத் தாங்களே பதிந்துகொண்டார்கள். மேய்ப்பர்கள் என் நிலையத்துக்கு வந்தார்கள். கம்பத்தின் அடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். எனக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? நாட்டை நானே நிமிர்த்தப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விரலும் பதியவில்லை.

இருபது முப்பது வருடம் கயிறு இழுத்து, சாணம் பொறுக்கி, குளிரில் பால் கறந்து, வெள்ளாட்டு முடி சீவிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? செயலிக்கு அவையெல்லாம் விரலாகவே தெரியவில்லை. 'மீண்டும் முயலவும்' என்றது. முயன்றோம். வெந்நீரில் ஊறவைத்தோம், வெண்ணெய் தடவினோம், வெண்ணெயைத் துடைத்தோம். ஹோர்லோவுக்கு இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் பதிந்தது. அங்கேயே நின்று கிணற்றுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்கு ஓடினாள். மற்ற பத்தொன்பது பேருக்கு எந்த விரலும் ஆகவில்லை.

அடுத்த மேய்ச்சலுக்கு இடம்பெயரும் நேரம் அது, எல்லாருக்கும் அவசரம். மாலைக்குள் மந்தையைக் கிளப்பியாக வேண்டும். நான் என்ன செய்வேன்? தற்காலிகமாகத்தானே என்று, பத்தொன்பது கைபேசியிலும் என் கட்டைவிரலைப் பதிந்தேன்.

"கடைசி நாளைக்கு வாங்க. என் முன்னாடி நீங்க சொல்லுங்க, நான் திறந்து தரேன், நீங்களே அழுத்துங்க," என்றேன்.

"வரோம் தாரிமா," என்றார் ஜம்பால் ஐயா. "அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். நாங்க போற இடத்துல சிக்னலும் இல்ல ஒண்ணும் இல்ல. பாட்டரி தீந்து போகும்."

ஒரு பையில் பத்தொன்பது கைபேசிகளைப் போட்டுக் கம்பத்தில் கட்டினேன். வித்தியாசத்தைக் கவனியுங்கள். கோன்சிக்கினுடையது சேணப்பை, என்னுடையது துணிப்பை.

கடைசி நாள் புழுதிக்காற்று கிளம்பியது. நொடிக்கு இருபத்துநாலு மீட்டர். நானே அளந்து எழுதினேன், ஒரு மீட்டர்கூடக் கூட்டவில்லை குறைக்கவில்லை. அந்தக் காற்றில் யாரும் வண்டி ஓட்டி வர முடியாது. பிற்பகல் நாலு மணிக்குச் செயலியைத் திறந்து பார்த்தேன்: ஜீப் நாற்பத்தொன்று, கிணறு முப்பத்தெட்டு, விளக்கு இருபது. ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிகிறது.

நாலரைக்குப் பார்த்தேன். அதே எண்கள்.

ஐந்து மணிக்கு வெப்பத்தை எழுதிவிட்டு, கம்பத்திலிருந்த பையை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தேன். மூன்று ஓட்டில் ஹோர்லோவின் மந்தை போகிறது. பத்தொன்பது பேரும் மேய்ப்பர்கள். மேய்ப்பருக்குத் தண்ணீரைவிட வேறு என்ன வேண்டும்? வந்திருந்தால் கிணற்றுக்குத்தான் போட்டிருப்பார்கள். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நான் எல்லாரையும் இருபத்தாறு வருடமாக அறிந்தவள். மேலும் இது நல்ல காரியம். கோன்சிக் அழுத்தியது சோம்பலில், நான் அழுத்துவது நியாயத்துக்காக. முதல் கைபேசி கொஞ்சம் கனமாக இருந்தது. ஐந்தாவதுக்கு அப்புறம் பழகிவிட்டது. எல்லாவற்றின் திரையிலும் புழுதி. துடைத்துக்கொண்டே அழுத்தினேன்.

கிணறு ஐம்பத்தேழு, ஜீப் நாற்பத்தொன்று.

பனிக்கு முன்னாலேயே துளையிடும் வண்டி வந்துவிட்டது. தொண்ணூறு மீட்டரில் தண்ணீர் பீறிட்டபோது ஹோர்லோ கிண்ணத்தில் பாலை எடுத்து நாலு திசைக்கும் தெளித்தாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். ஆடுகள் தொட்டியை முட்டிக்கொண்டு குடித்தன. வட்டமே கூடி நின்று கறியும் குதிரைப்பாலும் சாப்பிட்டது. கோன்சிக்கும் வந்திருந்தார். ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார்.

"கடைசி ஒரு மணி நேரத்துல பத்தொம்பது ஓட்டு. எல்லாம் கம்பத்தடியிலேர்ந்து," என்று மெதுவாகச் சொன்னார்.

நான் கிண்ணத்தை அவசரமாக வாங்கிக்கொண்டேன். "காத்து அப்படி இருந்துச்சு அண்ணே. அவங்களால வர முடியல. வேற வழி..."

"நான் ஒண்ணும் கேக்கலையே தாரிமா." அவர் முகத்தில் கேலியே இல்லை, பல வருடம் தனியாகச் சுமந்தவருக்குத் துணை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. "முதல் தடவ கொஞ்சம் சங்கடமா இருக்கும். அடுத்த தடவைக்கு நல்ல துணியா ஒண்ணு தரேன். உங்க கழுத்துத் துண்டு திரையக் கீறிடும்."

அந்த நேரத்தில்தான் ஜம்பால் ஐயா தன் கைபேசியை வாங்கிப்போக வந்தார். எல்லாரும் வருவார்கள் என்று கையோடு கொண்டுபோயிருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாரிமா, நான் எதுக்குப் போட்டேன்?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"கிணத்துக்கு, ஐயா."

"அப்படியா." தொட்டியை எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணிதான். நான் இருக்கிற வடக்குப் பக்கம் ஊத்து இருக்கு, எனக்குத் தண்ணிக்குக் கஷ்டமில்ல. என் வீட்டுக்காரி துல்மாவுக்குத்தான் இடுப்பு வலி, எந்திரிக்க முடியல. நர்ஸுக்கு ஜீப் வந்தா மாசம் ஒரு தடவ ஊசி போட வந்துட்டுப் போவா, ஜீப்புக்குப் போடணும்னு துல்மா சொல்லி அனுப்பினா." அவர் கைபேசியை அங்கிக்குள் செருகிக்கொண்டார். "சரி, போகட்டும். நானே போட்டதுதானே. யார்கிட்டப் போய்க் கோவிச்சுக்கிறது?"

குதிரையில் ஏறிப் போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. அவர் கோபமாகப் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உங்களுக்கும் கணக்குத் தெரியும், அவர் ஒருவர் மாற்றிப் போட்டிருந்தாலும் கிணறுதான் வென்றிருக்கும். இதைச் சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். மற்ற பதினெட்டுப் பேர் எதற்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது போய்க் கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை நர்ஸைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோன்சிக் தன் மோட்டார் சைக்கிளில் வடக்குப் பக்கம் போய்வருகிறார். அவர் இரண்டாவது கிண்ணம்வரை உட்காருகிறாராம்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். எங்கேயோ மங்கோலியாவில், ரேகை தேய்ந்த மேய்ப்பர்கள், நமக்கென்ன என்று இருந்திருப்பீர்கள். நல்லது. உங்கள் அம்மாவின் கைபேசி யாருடைய விரலுக்குத் திறக்கிறது? எரிவாயு உருளைக்குப் பதிந்தது, மாநகராட்சிக்குக் கருத்துச் சொன்னது, குடியிருப்போர் சங்கத் தேர்தலில் அவர் ஓட்டைப் போட்டது, 'அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது' என்று இரண்டு நிமிடத்தில் தட்டி முடித்தது எல்லாம் யார்? அன்போடுதான் செய்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை. துடைத்துக்கூடக் கொடுத்திருப்பீர்கள். கவலைப்படாதீர்கள், அம்மா உங்கள்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார். தானே போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.